கலத்தில் ஏறிய மூலிகை

சுல்பிகாவின் ஆராய்ச்சி ஒரு ஜன்னல் கம்பியில் தொடங்கியது. சுனாமியன்று காலை கல்முனைக்குடியில் அவள் வீட்டின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தபோது, பக்கத்து மாடிவீட்டு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். தண்ணீர் வற்றும்வரை விடவில்லை. உயிர் தப்பிய பிறகுதான் கைகளின் பாடு ஆரம்பமானது. வெட்டுக்காயம் இல்லை, எலும்பும் முறியவில்லை. ஆனாலும் தோளிலிருந்து முழங்கைவரை வீங்கி, தொட்டால் சுட்டது. பள்ளிக்கூடத்து அகதி முகாமுக்கு வந்த வைத்தியர் "அழற்சி" என்று சொல்லிப் பனடோல் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். காயமும் இல்லை, கிருமியும் இல்லை என்றால் வீங்கும்படி தசைக்கு உத்தரவு போட்டது யார் என்று அவள் கேட்க நினைத்தாள். வைத்தியருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்ததால் கேட்கவில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிப்பிப்பவள். கேட்காமல் விட்ட கேள்வியைப் புத்தகங்களில் தேடினாள். பதில் பாதி கிடைத்தது. தசை தன் சக்திக்கு மீறி உழைக்கும்போது அதன் கலங்களுக்குள்ளே ஒட்சிசன் நிலைகொள்ளாத துணுக்குகளாக மாறுகிறது. வெளியூரில் உயிரணு என்று சொல்வதைத்தான் எங்கள் பாடநூல்கள் கலம் என்கின்றன. அந்தத் துணுக்குகளுக்குச் சுயாதீன மூலிகம் என்று பெயர். மூலிகங்கள் மிஞ்சிப்போனால் கலத்துக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒரு புரதம் கட்டவிழ்ந்து கலத்தின் நடுவிலுள்ள கருவுக்குள் போகும். கருவிலிருந்து சமிக்ஞை கிளம்பும். அதைக் கேட்டு வேறு கலங்கள் உதவிக்கு ஓடிவரும். வீக்கம், சூடு, நோவு எல்லாம் அந்தக் கூட்டத்தால் வருவது. இவ்வளவும் வேறு நாட்டார் வேறு கருவிகளால் கண்டது. தன் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டுமென்று சுல்பிகாவுக்கு ஆசை.

ஆசைக்குக் கருவி வேண்டும். சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதும் எங்கள் கரைக்கு என்ன அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பளிச் சட்டை வந்தது, பனிச்சப்பாத்து வந்தது. சுல்பிகா ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு, கலங்களை வளர்க்க ஓர் இன்கியூபேட்டர் வேண்டுமென்று எழுதினாள். பெரிய பெட்டியில் கொடியெல்லாம் ஒட்டி வந்து இறங்கியது. பெட்டியின் மேல் ஒரு கோழியின் படம் இருந்தது. முட்டையில் குஞ்சு பொரிக்கும் இயந்திரம். அதை ஏற்றுக்கொள்வதற்கு விழா நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் விஞ்ஞானத்தைப் புகழ்ந்தார்கள், ஒருவரும் கோழியைக் கவனிக்கவில்லை.

சுல்பிகா அன்றிரவு அழுதாள். அடுத்த வாரமே அழுகையை நிறுத்திவிட்டாள். அந்த இயந்திரத்தின் சூடு தசைக் கலத்துக்கும் பொருத்தமான சூடுதான் என்பதும், கோழிக் கருவின் தொடைத் தசையிலிருந்தே கலங்களைப் பிரித்து வளர்க்கலாம் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. கலங்களுக்குத் தேவையான கரிவாயு மிகுந்த காற்றுக்கு, மூடிய கண்ணாடிச் சாடிக்குள் மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள். பக்கத்து அறையிலிருந்த பெண் தினமும் எட்டிப் பார்த்து, குஞ்சு எப்போது வரும், தனக்கு இரண்டு பேடு ஒதுக்கி வைக்க முடியுமா என்று விசாரித்தாள். மூத்த சகோதரன் மர்சூக், "நீ இவ்வளவு படிச்சது கோழிக்கடை வைக்கவா புள்ள" என்று கேட்டான்.

மூன்று நாலு வருடம் இப்படிப் போனது. பூஞ்சணம் பிடித்து அழிந்தவை பாதி, கரண்ட் போய் அழிந்தவை மீதி. கடைசியில், வடக்கே வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த அந்த வருடத் தொடக்கத்தில், கலங்கள் கிண்ணத்தின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராக வளர்ந்தன. கல்முனைப் பசாரில் புண் கழுவ வாங்கும் ஐதரசன் பரவொட்சைட்டில் ஒரு சொட்டில் நன்றாக நீர் கலந்து சிலவற்றுக்கு விட்டாள். கலத்துக்கு அது தன் சக்திக்கு மீறிய உழைப்பைப் போன்ற துன்பத்தைக் கொடுக்கும். பிறகு கலங்கள் வெளியே விட்ட நீரைச் சிறு குழாய்களில் எடுத்து உறையவைத்தாள். அந்த நீரில் சமிக்ஞைப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி கொழும்பில்தான் இருந்தது.

உறைந்ததை உருகாமல் கொழும்புக்குக் கொண்டுபோக எங்கள் கரையில் ஒரே வழி மீன் லொறி. அப்படித்தான் பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பின் கோணாமலை இந்தக் கதைக்குள் வருகிறார். அவர் முன்பு கடலுக்குப் போனவர். சுனாமி அவருடைய வள்ளத்தைக் கொண்டுபோனது. பதிலாக ஒரு நிறுவனம் புது வள்ளம் கொடுத்தது. நல்ல நீல வர்ணம், இரண்டு பக்கமும் நிறுவனத்தின் பெயர், தண்ணீரில் இறக்கினால் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதை வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு லொறி ஓட்டப் போய்விட்டார். மனைவி கனகாம்பிகையின் தங்கை வன்னியில் இருந்தாள். மாதக்கணக்காகச் செய்தி இல்லை.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல மிஸ்," என்றார் கோணாமலை, பெட்டியை வாங்கும்போது. "ஐஸ் உருகாமக் கொண்டு சேக்கிறது என்ட பொறுப்பு."

துணைக்கு மர்சூக்கும் வந்தான். பாரை மீனுக்கு நடுவில் பெட்டி ஏறியது. பரவொட்சைட்டின் செறிவைக் கொழும்பில் சரிபார்க்க வேண்டியிருந்ததால், அந்தப் பழுப்புப் போத்தலைச் சுல்பிகா தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதில்தான் வினை இருந்தது. குண்டு செய்வோரும் அதைத் தேடுகிறார்கள் என்று அந்த வருடம் சுற்றறிக்கை வந்திருந்ததாம். புண் கழுவுவோருக்கு அந்தச் சுற்றறிக்கை வரவில்லை.

மலைப்பக்கம் ஏறும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. கைப்பையைத் திறந்த பொலிஸ்காரர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

பொறுப்பதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். சுல்பிகா ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற ஜயசுந்தர என்ற கான்ஸ்டபிளிடம் ஏதோ சொன்னார். ஜயசுந்தர தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிச் சம்பள உயர்வு பெற்றவர். தமிழை ஒரு பழைய புத்தகத்திலிருந்து படித்திருந்தார். தமிழர் எவரும் அவரிடம் இதுவரை அந்தப் புத்தகத் தமிழில் கதைத்ததில்லை.

"அம்மையீர்," என்றார் ஜயசுந்தர, "தாய்மொழியில் வாக்குமூலம் அளிப்பது தங்கள் உரிமையாம். அவ்வுரிமையைத் தங்களுக்கு வழங்குவதாக ஐயா கூறுகின்றார்."

சுல்பிகாவுக்குப் பிறந்ததிலிருந்து அரசாங்கக் கச்சேரிக் கடிதமெல்லாம் சிங்களத்தில்தான் வந்திருக்கிறது. மொழி உரிமை அவளைத் தேடி வந்த முதல் இடம் இந்தச் சாவடி. மறுக்க மனம் வரவில்லை. வகுப்பில் சொல்வதைப் போல ஒழுங்காகச் சொன்னாள்:

"நான் தசைக் கலங்கள ஆராயிறன். கலத்துக்குள்ள சுயாதீன மூலிகங்கள் கூடினா, உள்ள கட்டி வெச்சிரிக்கிறது அவிழ்ந்திரும். கலத்திலரிந்து சமிக்ஞை போகும். மறுகா வேற கலங்கள் உதவிக்கு வரும். அதாலதான் அழற்சி உண்டாகிற."

ஜயசுந்தர தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். சுல்பிகாவுக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறி வாங்கப் போதுமானது. எழுதியதை அவர் பொறுப்பதிகாரிக்கு வாசித்துக் காட்டியபோது அதில் "போட்டுவ" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. "பெஹெத்" என்று விழுந்தது. கடைசியில் "கிந்தர" என்று விழுந்தது. வள்ளம், மருந்து, நெருப்பு. அவள் சொன்னதில் மூன்றும் இல்லை.

"கலம் எண்டதுக்கு என்ன எழுதினீங்க?"

"கலம். மரக்கலம். கடலில் செல்வது."

"மூலிகத்துக்கு?"

"மூலிகை. தாங்கள் உச்சரிப்பில் சிறிது தவறினீர்கள். நான் திருத்திக்கொண்டேன்."

அழற்சியை அவர் அழல் என்று கண்டு, தீ என்று எழுதியிருந்தார். ஆக, சிங்களத்தில் இருந்த வாக்குமூலம் இதுதான்: காவலில்லாத மூலிகைகள் வள்ளத்தில் ஏற்றப்படுகின்றன. கட்டிவைக்கப்பட்ட ஒருவர் அவிழ்த்துவிடப்படுகிறார். வள்ளத்திலிருந்து சமிக்ஞை போகிறது. அதைக் கண்டு வேறு வள்ளங்கள் உதவிக்கு வருகின்றன. பிறகு தீப்பற்றுகிறது.

பொறுப்பதிகாரி இதை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அது வள்ளமில்ல," என்றாள் சுல்பிகா. "உடம்புக்குள்ள இரிக்கிற கலம்."

"உடம்புக்குள் வள்ளம் எவ்வாறு செல்லும், அம்மையீர்?"

"சரி, கலம் எண்டத வெட்டிப்போட்டு செல் எண்டு எழுதுங்க."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. செல் என்ற சொல்லுக்கு அந்த வருடம் எங்கள் நாட்டில் ஒரே அர்த்தம்தான். அது வானத்திலிருந்து விழுந்து வெடிக்கும். ஜயசுந்தரவின் பேனை நின்றது. வாசலில் நின்றவர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார்.

"எத்தனை செல்கள் உள்ளன?" என்று ஜயசுந்தர மெதுவாகக் கேட்டார்.

அவள் எண்ணிக்கை விசயத்தில் பொய் சொல்லிப் பழகாதவள். "ஒரு கிண்ணத்தில லெட்சத்துக்குக் குறையாம இரிக்கும்," என்றாள்.

அதன் பிறகு விசாரணை சுல்பிகாவின் பக்கமே திரும்பவில்லை. லொறியிலிருந்த பாரை மீன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வயிறு கிழித்துப் பார்க்கப்பட்டது. கோணாமலையை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். கடலுக்குப் போன தமிழன், பாண்டிருப்பு, வள்ளம், வன்னியில் மச்சினி: வாக்குமூலத்துக்கு ஏற்ற ஆள் தானாகவே வந்து அமைந்ததுபோல் ஆகிவிட்டது. கதவு சாத்தப்பட்டது. முதலில் குரல்கள் கேட்டன. பிறகு குரல் இல்லாத வேறு சத்தம் ஒன்று கேட்டது. சுல்பிகா எழும்பினாள். மர்சூக் அவள் கையைப் பிடித்து இருத்தினான்.

சுவரில் சாவடியின் முதலுதவிப் பெட்டி தொங்கியது. அதற்குள் அதே பழுப்புப் போத்தல் நின்றது. இதைக் காட்டினால் எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு அவள் கையை நீட்டிக் காட்டினாள். பொறுப்பதிகாரி எழுந்துபோய்ப் பார்த்தார். பெயரை ஒத்துப் பார்த்தார். பின்னர் முதலுதவிப் பெட்டியையும் சான்றுப் பொருளாக அரக்கு வைத்து மூடும்படி உத்தரவிட்டார்.

மர்சூக் இதற்கிடையில் ஊருக்குப் போன் போட்டிருந்தான். பகல் திரும்பும் நேரத்தில் பஜெரோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஸைனுலாப்தீன். மந்திரி ஒருவரின் இணைப்பாளர். ஆற்றுக்குப் பாலம் இணைப்பதையும் கரண்ட் இணைப்பதையும் தவிர எல்லா இணைப்பும் அவரால் ஆகும். உள்ளே போனார், போனைப் பொறுப்பதிகாரியின் காதில் வைத்தார், பொறுப்பதிகாரி எழுந்து நின்று கதைத்தார், இருந்தார். முடிந்தது.

"ஒழும்புங்க டீச்சர்," என்றார் ஸைனுலாப்தீன். "மந்திரி சேர் நேராக் கதைச்சிட்டார். நீங்க எங்கட ஊர்ப் புள்ள. வாங்க போவம்."

"கோணாமலை அண்ணன்?"

"அது வேற விசயம். அவங்கட ஆக்களுக்கும் எம்பி ஒராள் இரிக்கார்தானே. அவர் கதைக்கட்டும்."

"என்ட பெட்டியக் கொண்டுவந்ததுக்குத்தானே அவர உள்ள வெச்சிரிக்காங்க."

"நான் இல்லெண்டா சொல்றன்? இப்ப நாட்டில ஒரு இனத்துக்கு ஒரு போன் எண்டுதான் நடைமுறை. அதில நான் கை வெச்சா நாளைக்கி உங்களுக்கும் போன் எடுக்க ஏலாமப் போயிரும்."

சுல்பிகா எழும்பவில்லை. அவளுடைய துணிச்சல் என்று பிற்பாடு ஊரில் கதைத்தார்கள். உண்மையில் அவள் இருந்த வாங்குப் பலகையின் விளிம்பை, அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்ததுபோல், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இருந்தபடியே, "அப்ப நானும் இரிக்கன்," என்றாள்.

"விசராடா இவளுக்கு," என்றார் ஸைனுலாப்தீன் மர்சூக்கைப் பார்த்து. மர்சூக் தங்கையைப் பார்த்தான், உள்ளறைக் கதவைப் பார்த்தான். பிறகு அவனும் பக்கத்து வாங்கில் போய் இருந்துகொண்டான்.

சுல்பிகா ஜயசுந்தரவிடம் திரும்பினாள். "உங்கட சேர்க்கிட்டச் சொல்லுங்க. வாக்குமூலம் என்ட. வள்ளமெண்டாலும் என்ட வள்ளம், நெருப்பெண்டாலும் என்ட நெருப்பு. அந்த மனிசன் ஐஸ் மட்டும்தான் கொண்டுவந்தவர். என்ன விடுறதெண்டா அவரயும் விடுங்க."

ஜயசுந்தர இதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். அன்றைக்கு அவர் பிழையில்லாமல் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

பொறுப்பதிகாரிக்கு இப்போதுதான் தலையிடி வந்தது. குற்றத்தையெல்லாம் தன்னுடையது என்று சொன்னவளை மேலிடத்துப் போனுக்காக விட்டுவிட்டு, ஐஸ் கொண்டுவந்தவனை மட்டும் பிடித்து வைத்திருப்பதாகப் பதிவு இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில்? தன் மேலதிகாரிக்குப் போன் எடுத்து வாக்குமூலத்தை வாசித்தார். மேலதிகாரி ஒழுங்கானவர், ஒவ்வொன்றாகக் கேட்டார். வள்ளம் எங்கே? பிடிபடவில்லை. செல் எங்கே? லொறியில் மீன்தான் இருந்தது. தீ? எங்கும் பற்றவில்லை. அப்படியானால் மிஞ்சுவது என்ன? மூலிகை. மூலிகை பொலிசுக்கு உரிய விசயமல்ல, காட்டுத் திணைக்களத்தைக் கேள் என்று மேலதிகாரி போனை வைத்தார். காட்டு அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் எழுதுவினைஞர், சந்தனக் கட்டையைத் தவிர வேறு மூலிகைக்குத் தடை கிடையாது என்றார்.

இப்படியாக, இல்லாத மூலிகைக்கு அனுமதி கிடைத்து இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஸைனுலாப்தீன் வாசலில் நின்று எல்லோரோடும் கைகுலுக்கினார்.

கோணாமலை உள்ளறையிலிருந்து வந்தபோது இடது கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்திருந்தது. சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே வந்தார். ஸைனுலாப்தீன் பஜெரோவின் பக்கம் திரும்பிக்கொண்டார். சுல்பிகா அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். வீக்கம், சூடு, சிவப்பு.

"என்னால..." என்று தொடங்கினாள்.

"அத விடுங்க மிஸ்," என்றார் கோணாமலை. "ஐஸ் உருகிட்டு."

குழாய்கள் கையில் வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்றையும் அளக்க முடியாது. வருடக்கணக்கான வேலையைச் சாவடிக்கு அப்பால் ஒரு புல்மேட்டில் ஊற்றிவிட்டாள். வயிறு கிழிந்த பாரை மீன் நாறத் தொடங்கியிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் கோணாமலை ஒரு கண்ணால் பார்த்தே லொறியை ஓட்டினார்.

ஊரில் அடுத்த வாரம் சுவரொட்டி ஒட்டப்பட்டது. எங்கள் மண்ணின் விஞ்ஞானியை மீட்டுத் தந்த இணைப்பாளருக்கு நன்றி என்று பெரிய எழுத்து, ஸைனுலாப்தீனின் பெரிய படம், மூலையில் தபால் முத்திரை அளவில் சுல்பிகா. விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாள் என்று அதில் இல்லை. பசாரில் கேட்டவர்களுக்கு, தசைநார் நோவுக்கு ஒரு மூலிகை எண்ணெய் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வயதானவர்கள் போத்தலோடு பல்கலைக்கழக வாசலுக்கு வரத் தொடங்கினார்கள்.

சுல்பிகா இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்றிருந்தாள். இயந்திரத்தின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டாள். அப்படியிருக்க ஒரு நாள் பின்னேரம் கோணாமலை வந்து வாசலில் நின்றார். கன்னம் வற்றியிருந்தது.

"அடுத்த பெட்டி எப்ப மிஸ்?"

"இன்னமும் வருவீங்களா அண்ணன்?"

"அடி வாங்கினது நான். என்னத்துக்கு வாங்கின எண்டாவது எனக்குத் தெரிய வேணாமா?"

அவள் திரும்பவும் முட்டை வாங்கினாள். இம்முறை பெட்டியின் மேல் மூன்று மொழியிலும் ஒரே சொல்லை எழுதினாள்: கோழி. ஒரு சாவடியிலும் ஒருவரும் திறக்கவில்லை. செறிவு பார்க்க அதே வகைப் போத்தல் ஒன்றைக் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டாள்.

முடிவு வந்த நாள் ஊருக்கு மறக்காது. அன்று காலை வானொலி, யுத்தம் முடிந்துவிட்டதென்று அறிவித்தது. பசாரில் ஸைனுலாப்தீனின் ஆட்கள் வெடி கொளுத்தினார்கள், போகிற வாகனத்தையெல்லாம் மறித்துப் பால்சோறு கொடுத்தார்கள். சுல்பிகா கொழும்பிலிருந்து வந்த கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு வெடிப்புகைக்குள்ளால் நடந்தாள். பாண்டிருப்பில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

கோணாமலை வீட்டில் கனகாம்பிகை பாதிக் கதவைத் திறந்து, ஆளைக் கண்டபின் மீதியைத் திறந்தாள். "உள்ளுக்கு வாங்க," என்றாள். கையில் போன் இருந்தது. வன்னித் தங்கையின் நம்பருக்குக் காலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள் போலும்.

இந்த நேரத்தில் இதைச் சொல்ல வந்தோமே என்று சுல்பிகாவுக்குக் கூச்சமாகிவிட்டது. கோணாமலையே கேட்டார்.

"முடிவு வந்திட்டா மிஸ்?"

"வந்திட்டு அண்ணன். நினைச்சமாதிரித்தான். கொஞ்சமாத் துன்பப்பட்ட கலம் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப்போட்டு அடங்கிருது. கூடப் பட்டது அடங்குதில்ல. கூப்பிட்டுக்கிட்டே இரிக்கி."

"ஆரக் கூப்பிடுது?" என்று கேட்டாள் கனகாம்பிகை.

"பக்கத்தில ஆர் இரிக்கோ அவங்கள. உதவிக்கு."

"கேட்டா வருவாங்களா?"

"உடம்புக்குள்ள எண்டா வரும்," என்றாள் சுல்பிகா.

கனகாம்பிகை தலையை ஆட்டினாள். பசார்ப் பக்கமிருந்து இன்னொரு வெடிக்கட்டு தொடங்கியது. கோணாமலை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். கனகாம்பிகை குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, அங்கே நின்றபடி திரும்பவும் நம்பரை அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.